இரண்டு விரல் காற்று

பெற்ற பிள்ளையின் காலடியில் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடுகிற தாயைப் பார்க்க வேண்டுமென்றால், எங்கள் வாய்க்கால் கரைப் புத்தர் கோயிலுக்கு வாருங்கள். தோங்பை அம்மாளுக்கு மூன்று மாதமாக அதுதான் பிழைப்பு.

மகன் தேச்சா சூதாடி. அப்பாவின் ஈமச்சடங்கு நடந்த அன்றும் மீன் சண்டைத் தொட்டியடியில்தான் குந்தியிருந்தான். அப்பேர்ப்பட்டவன் மழைக்காலம் பிறந்ததும் தலையையும் புருவத்தையும் மழித்துக் காவி கட்டிக்கொண்டு கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டான். "ஏ கிழவி, சோத்தப் போடு" என்று கத்தியவன் இப்போது அம்மாவை "உபாசகியம்மா" என்கிறான். அவளும் உருகிப் போய் "சாமி, சாமி" என்கிறாள்.

மூத்தவள் புஸபாவுக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது. கல்யாணமில்லை. வீடும் மனையும் தம்பிக்கு என்று அம்மா என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள். கொட்டகையில் தட்டுத் தட்டாக நிற்கும் சப்பைச் சாராய பாட்டில்களும், ஒவ்வொன்றிலும் தனியாகக் குடியிருக்கும் சண்டை மீன்களும் மட்டும்தான் அவளுக்கென்று இருந்தவை. அப்பா தொடங்கிவைத்த வம்சம் அது. அவள் சண்டைக்கு ஒரு மீனைக்கூட விற்றதில்லை. அழகுக்கு வளர்க்கிறவர்களுக்குத்தான் கொடுப்பாள்.

போன வாரம்தான் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். பிள்ளை மழைக்காலம் முழுக்கச் சூதை மறந்து காவியில் இருந்துவிட்டால் வீட்டிலுள்ள மீன்களையெல்லாம் வாய்க்காலில் விட்டுவிடுவதாகப் புத்தர் முன்னால் நேர்ந்துகொண்டாளாம். நேர்ந்தவள் அவள், மீன் புஸபாவுடையது. நல்ல நியாயம்! கத்தி, அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் "சரி, மேல் தட்டு மட்டும்" என்று அம்மாவை இறங்கிவர வைத்திருந்தாள் புஸபா.

இன்று மழைக்கால நோன்பு முடிகிற பௌர்ணமி.

காலையிலேயே கொட்டகைக்குள் குஞ்சுத் தொட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. புஸபா ஓடி வந்தாள்.

"மூடு! மூடு அத!"

தம்பி பெண்டாட்டி வாசனா வெலவெலத்துப் போய் மூடியைப் போட்டாள். பாங்காக்கில் துணி ஆலையில் வேலை பார்த்தவள். புருஷன் காவியைக் களையப் போகிறான் என்று போன வாரம்தான் ஊருக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவனோடு ஒரு மாதம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை.

"பாவம், மூடியே வச்சிருக்கீங்களே, மூச்சு முட்டுமேன்னு தொறந்தேன்க்கா."

"மூச்சு முட்டாது. நீ தொறந்தாத்தான் மூச்சு நிக்கும். வாடைக் காத்து அடிக்குது பாரு. சில்லுனு ஒரு வாய் உள்ள போச்சுன்னா அத்தனையும் காலி."

"மீனு காத்தையா குடிக்குது?"

"இது குடிக்கும். மத்த மீனெல்லாம் செவுளாலேயே ஒப்பேத்திக்கும். இது திமிர் புடிச்ச ஜாதி. செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு சின்ன அறை இருக்கு. மேல வந்து ஒரு வாய் காத்த வாங்கி அங்க வச்சுக்கும். அதனாலதான் வயக்காட்டுல சேறு வத்தினாலும் மாட்டுக் குளம்புக் குழியில கிடந்து பொழைச்சுக்குது. குஞ்சு பொறக்கையில அந்த அறை கிடையாது. மூணாவது வாரம்தான் உண்டாகும். இதுங்க இப்பத்தான் மொத மூச்சு எடுக்குதுங்க. தண்ணிக்கு மேல இருக்கற காத்தும் தண்ணி மாதிரியே வெதுவெதுன்னு இருக்கணும். புரியுதா?"

"புரியுது. காத்து படக்கூடாது."

புஸபா சிரித்துவிட்டாள். பேசிக்கொண்டே பாட்டில்களுக்கு ஊறவைத்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டிலின் தோள் வரைக்கும்தான் ஊற்றுவாள். அதற்கு மேல் இரண்டு விரலைப் படுக்கவைத்துப் பார்ப்பாள். அப்பா கையைப் பிடித்துப் பழக்கியது அது. இப்போது யோசிக்காமலே வரும். ஆளுக்கொரு துண்டு நாட்டுவாதுமைச் சருகு, சிட்டிகைத் தண்ணீர்ப் பூச்சி. இரண்டு பாட்டில்களுக்கு நடுவில் ஓர் அட்டை. அட்டையை எடுத்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டுவான்.

"அப்ப பெருசுங்களுக்கு என்ன செய்யணும்க்கா?" என்றாள் வாசனா. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். வெளியூருக்கு அனுப்ப வேண்டிய மீன் பெட்டிகளைச் சந்தைப் பக்கம் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும்.

"சாயங்காலம் வந்து சொல்றேன். நான் வர்ற வரைக்கும் எதையும் தொறக்காத. அம்மா வந்தா மேல் தட்ட மட்டும் எடுத்துக் குடு. கீழ் வரிசையில கரும்பச்சையா இருக்கு பாரு, அதுக்குக் கிட்டக்கூட யாரையும் விடாத. அப்பாவோட அசல் வித்து அதுதான், குஞ்சுங்க வேற. அது போச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல."

"சரிக்கா."

புஸபா போய்விட்டாள். அந்த ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில்.

கொட்டகை வாசலிலேயே கால் நின்றுவிட்டது. எல்லாத் தட்டும் காலி. கீழ் வரிசையும் காலி. அட்டைகள் தரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. குஞ்சுத் தொட்டி மட்டும் மூடியிருந்தது. காற்றில் மூடி நகர்ந்துவிடக் கூடாது என்று யாரோ மேலே ஒரு கல்லைக்கூட வைத்திருந்தார்கள்.

மூலையில் பழைய மூடிகள் போட்டு வைத்திருந்த சாக்கு. அதுவும் காலி. பாட்டில்களையெல்லாம் மூடியிருக்கிறார்கள் என்று அதைப் பார்த்ததும்தான் புஸபாவுக்கு உறைத்தது.

வாசனாவுக்குப் போன் போட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவே வாசனாவின் குரல் உற்சாகமாக வந்தது.

"அக்கா! அத்தை எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல. ஆனா நீங்க பயப்படாதீங்க. நீங்க சொன்னாப்புலதான் செஞ்சேன். வழியில குலுங்குமேன்னு ஒவ்வொண்ணுலயும் வாய் முட்டத் தண்ணி ஊத்தி, மூடிய இறுக்கித் திருகிட்டேன். துளி காத்து உள்ள போகாது!"

"ஐயோ... எப்ப?"

"நீங்க போனதுமே. கோயில் வண்டி மொதல்ல இங்க வந்து, அப்புறம் ஊரெல்லாம் சுத்தி ஆளுங்கள ஏத்திக்கிட்டு இப்பத்தான் மறுபடி வந்து நிக்குது. என்ன வெயிலு..."

"தொற வாசனா! எல்லாத்தையும் தொற! இப்பவே!"

"என்னக்கா? மேளம் அடிக்கிறாங்க, கேக்கல. அத்தை கூப்புடுறாங்க, வச்சிடுறேன்."

தண்ணீருக்குள் இருக்கும் மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று யாரிடம் சொல்ல? சொன்னால் சிரிப்பார்கள். புஸபா பைக்கை மிதித்தாள். வழி முழுக்க "பெருசுங்களுக்கு என்ன செய்யணும்க்கா" என்ற குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

படித்துறையில் நல்ல கூட்டம். பெண்கள் வெள்ளை ரவிக்கையும் பட்டுக் கச்சையுமாக, வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிப் பொட்டலங்களைக் கூடையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தோங்பை அம்மாள் நடுப்படியில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு பாட்டிலாக வாய்க்காலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. அதோடு மீனும் வந்து விழுந்தது. விழுந்த மீன் நீந்தவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வால் விரிந்தபடி, மெல்லத் தாமரைத் தண்டுகளுக்குள் ஒதுங்கியது. பின்னால் இன்னொன்று.

படியிலிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஜனங்கள் அப்படித்தான். சங்கடமான விஷயம் கண்ணில் பட்டால் புன்னகையோடு வேறு பக்கம் பார்ப்பார்கள். புண்ணிய காரியம் நடக்கும்போது கெட்ட செய்தி சொல்லி யார் பேர் வாங்கிக்கொள்வது?

"வாடி, வா!" அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா, எம்புட்டு அமைதியா போகுதுங்க! சண்டைக்காரப் பயலுவ, கோயில் தண்ணி பட்டதும் அடங்கிட்டானுங்க."

"அம்மா, அதெல்லாம் செத்துப் போச்சும்மா."

"நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவுடி!"

"மேல் தட்டு மட்டும்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்டி. விடியக்காலையில சாமி பிச்சைக்கு வந்துச்சு. சொன்னேன். 'நேர்ந்தத பாதியில நிறுத்தினா பலன் இல்ல, முழுசா முடிச்சுடுங்க உபாசகியம்மா'ன்னுடுச்சு. பெத்த புள்ளையா இருந்தா போடா மூதேவின்னு சொல்லியிருப்பேன். சாமி சொல்லும்போது எப்படித் தட்ட முடியும்?"

புஸபா படியில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த பாட்டில்களின் மூடியைத் திருகித் திருகித் திறந்து, தண்ணீரைப் பாதிக்குக் கொட்டினாள். என்னவென்று தெரியாமல் வாசனாவும் ஓடி வந்து திறந்தாள். கடைசி பாட்டிலில் இருந்த மீனின் செவுள் மட்டும் அசைந்தது. புஸபா பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாள். மேலே வா, ஒரு வாய், ஒரே வாய் என்று கெஞ்சினாள். அது பாதி தூரம் எழும்பியது. அப்புறம் சாய்ந்துவிட்டது.

"நானா அக்கா? நானா கொன்னேன்?" வாசனாவுக்கு உதடு கோணியது. "காத்து படக்கூடாதுன்னு நீங்கதானே..."

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

"கீழ் வரிசை எங்க? கரும்பச்சை?"

"அதுல கைய வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்க்கா. அத்தை கேக்கல."

"அத சாமியே கேட்டு வாங்கிக்கிச்சுடி," என்றாள் அம்மா பெருமையாக. "காலையில வண்டி மொதல்ல கோயிலுக்கு வந்தப்பவே தானே எறங்கி வந்து, அந்த வரிசைய மட்டும் பொறுக்கி எடுத்துக்கிச்சு. மந்திரம் ஓதி தன் கையாலேயே விட்டுடுச்சாம். உன் மீனுக்கு வந்த பாக்கியத்தப் பாரு!"

பொறுக்கி எடுத்துக்கொண்டானா?

செத்த மீன் கிடந்த பாட்டிலைக் கையில் பிடித்தபடியே புஸபா எழுந்து நடந்தாள்.

தேச்சாவின் குடில் கோயிலுக்குப் பின்னால், கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய மரக்குடில். அரச மரத்தடியில் ஒருவன் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சுவித். தேச்சாவின் பழைய பந்தயக் கூட்டாளி. வண்டியின் பின்னால் தெர்மாகோல் பெட்டி ஒன்று காலியாகக் கட்டியிருந்தது. புஸபாவைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குடிலுக்கடியில், தூணோரமாக, ஒரு சாக்குத் தொங்கியது. அதை விலக்கினாள்.

ஒரு வரிசை பாட்டில்கள். மூடி இல்லை. நடுவில் யாரோ காணிக்கையாகக் கொடுத்த சோப்புப் பெட்டியைக் கிழித்துச் செருகிய அட்டைகள். ஆளுக்கொரு சருகு. தண்ணீர் தோள் வரைக்கும், அதற்கு மேல் சரியாக இரண்டு விரல். கரும்பச்சை மீன்கள் மேலே வந்து, ஒரு வாய் வாங்கிக்கொண்டு, கம்பீரமாக இறங்கின. ஒருவன் நுரைக்கூடுகூடக் கட்டத் தொடங்கியிருந்தான்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இருக்கின்றன! ஒரு மூச்சு நேரம்தான் அந்தச் சந்தோஷம்.

"சாயங்காலம் பாராயணம் இருக்கு. பெண்கள் இங்க வரக் கூடாது," என்றது மேலே படியிலிருந்து ஒரு குரல்.

புஸபா சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். நாக்கு நுனி வரை "டேய்" வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

தேச்சா காவியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வண்டி வந்தப்ப எல்லா பாட்டிலும் வாய் முட்டத் தண்ணியா இருந்துச்சா?"

தேச்சாவின் பார்வை கீழே தொங்கிய சாக்குப் பக்கம் போனது.

"மூடி இறுக்கியிருந்துச்சா? அப்பா நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே சொல்லிக் குடுத்தாரு? உங்களுக்குத் தெரியும். பாத்ததும் தெரிஞ்சிருக்கும். இந்த வரிசைய மட்டும் தொறந்து, தண்ணிய வடிச்சு, ரெண்டு விரல் விட்டீங்க. மத்ததுக்கு ஏன் சாமி கை வரல?"

தேச்சா சுற்றுமுற்றும் பார்த்தான். சாமி குரல் போய் பழைய குரல் வந்தது.

"மெதுவா பேசுக்கா. அம்புட்டையும் தொறக்கச் சொன்னா ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி வரும்."

"அதனால சாகட்டும்னு விட்டுட்டே."

"வாய்க்கால்ல விட்டா மட்டும் வாழப் போகுதா? ஒண்ண ஒண்ணு கடிச்சுக் குதறும். மிச்சத்த விரால் முழுங்கும். நான் நல்லத மட்டுமாவது காப்பாத்தினேன். அப்பாவோட வம்சம்க்கா இது."

"யாருக்காகக் காப்பாத்தினே? அதோ நிக்கறானே, அவனுக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மழித்த தலையில் வியர்வை.

"நாளன்னிக்கு துணி மாத்திடுவேன். ஒரே ஒரு பந்தயம். அதோட விட்டுடுறேன்."

"அம்மாகிட்ட சொல்றேன்."

"சொல்லு, போ." அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "கேட்டதும் அவ என்ன செய்வா? நேர்த்தி பாக்கி நிக்குதுன்னு இதையும் தூக்கிட்டுப் போய் வாய்க்கால்ல கொட்டுவா. இந்த வம்சத்துல உனக்கு ஒரு வித்துகூட மிஞ்சாது. பேசாம இருந்தா ஒரு ஜோடி உனக்குத் தர்றேன். ஒரு ஜோடி போதும்ல உனக்கு? திரும்ப ஆரம்பிச்சுக்கலாம்."

பாவி! கணக்காகத்தான் அடித்தான். ஒரு ஜோடி போதும். அடுத்த மழைக்காலத்துக்குள் கொட்டகை நிறைந்துவிடும். இங்கே வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதும். இவனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நல்லபடியாகத் திரும்பிப் போகலாம். மற்றவை சண்டைத் தொட்டியில் கிழிந்து சாகும். அதைப் பார்க்காமல் இருந்துகொள்ளலாம்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவும் வாசனாவும்.

"ஏண்டி, சாமி முன்னாடி இப்படி நெட்டக்குத்தலா நின்னுக்கிட்டா பேசுவ? உக்காரு!" அம்மா படியடியில் மண்டியிட்டாள். "சாமி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆசீர்வாதம் பண்ணணும். ஏ புஸபா, வெறுங்கையோடவா வந்தே?"

"இல்லம்மா. கொண்டாந்திருக்கேன்."

புஸபா மண்டியிட்டு, பாட்டிலை இரண்டு கையாலும் நெற்றி வரைக்கும் உயர்த்தினாள். உள்ளே மீன் வால் விரிந்து அடியில் கிடந்தது. காவி கட்டியவர்கள் பெண் கையிலிருந்து நேராக வாங்கக் கூடாது, கொடுத்ததை வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. தேச்சா மடியிலிருந்த துணியை எடுத்துப் படியில் விரித்தான்.

"வாங்கிக்குங்க சாமி."

துணி நுனியில் பாட்டிலை வைத்தாள். அவன் மறுநுனியைத் தொட்டு இழுத்துக்கொண்டான். பாட்டில் கவிழாமல் மெதுவாகத்தான் இழுத்தான். ஆனால் அவன் கண் அதற்குள் போகவில்லை.

"சாது," என்று தானத்தை வாழ்த்தினாள் அம்மா நெகிழ்ந்து போய். "சாது, சாது."

அக்காவுக்கும் தம்பிக்கும் ராசியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிடக் குனிந்தாள். மூன்று முறை விழ வேண்டும். நெற்றி மண்ணில் பட்டது. எழுந்தாள். இரண்டாவது தடவை பட்டது. எழுந்தாள்.

வாசனா உட்காரவில்லை. அவள் எப்போது அங்கே போனாள் என்று புஸபாவுக்குத் தெரியாது. தூணோரமாக நின்று, சாக்கை முழுக்க விலக்கிக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். பாட்டில்களில் விடப்பட்டிருந்த அந்த இரண்டு விரல் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மரத்தடியில் நின்ற சுவித்தைப் பார்த்தாள். அப்புறம் புருஷனை.

அம்மா மூன்றாவது தடவை குனிந்தாள். தலை தரையில், முகம் குடிலுக்கடியைப் பார்த்தபடி.

எழவில்லை.

புஸபா காத்திருந்தாள். மரத்தடியில் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அம்மாவின் முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கைகள் மண்ணிலேயே இருந்தன.

"தேச்சா," என்றாள் தலையைத் தூக்காமலே. மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "அது என்னடா?"